பற்றை வெட்டும் இயந்திரம் வாங்கப் போகிறீர்களா?

"உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பூட்டிப் பற்றை வெட்டுகிற இயந்திரம் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். எது நல்லது?"

எங்கள் நலன்புரி வேலைகளின்போது இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நான் இருப்பது கண்டி மஹய்யாவயில். இங்கே காணி என்றால் பேர்ச் கணக்குத்தான். மாநகர சபைத் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக நெருங்கி வாழும் இடத்தில் ஏக்கர்க் கணக்குப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் வாசலைத் தொட்டுப் போகும் கட்டுகஸ்தோட்டை வீதியே ஏ-9 வீதியாக மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று யாழ்ப்பாணம் வரை போகிறது. 1977ஆம், 1983ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து சில காலம் மலைநாட்டு உறவினர் வீடுகளில் ஒதுங்கியிருந்தவர்களும் உண்டு. இப்போது அவர்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்பியிருக்கிறார்கள். காணி திரும்பக் கிடைத்தபோது அதில் பயிர் இருக்கவில்லை. பற்றைதான் இருந்தது.

நான் சமூகவியல் படித்தவள். இயந்திரங்களைப் பற்றிச் சாரதிகளிடமும், திருத்துகிறவர்களிடமும், விவசாயப் போதனாசிரியர்களிடமும் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டேன். அப்படி அறிந்தவற்றை எமது சகோதரிகளுக்கு உதவும் வகையில் இங்கே தருகிறேன். ஒரு விடயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இயந்திரம் நல்லது என்று கேட்பதற்கு முன், என் காணியில் அதற்கு வருடத்தில் எத்தனை மணித்தியால வேலை இருக்கிறது என்று கேளுங்கள். இந்தக் கணக்கைச் செய்யாமல் கடைக்குப் போகிறவருக்குக் கடைக்காரர் கணக்குச் செய்து கொடுப்பார்.

ஏன் இப்போது இந்தத் தேவை?

முன்பு பற்றை வெட்டக் கூலியாட்கள் கிடைத்தார்கள். இன்று ஆட்கள் குறைவு, கூலியும் அதிகம். களைநாசினி தெளித்துப் பழகியவர்களுக்கும் தடைகள் வந்தன. கிளைபோசேற் 2015இல் தடைசெய்யப்பட்டது. 2021இல் விவசாய இரசாயனங்களின் இறக்குமதியே நிறுத்தப்பட்டது. பின்னர் அந்தத் தடைகள் தளர்த்தப்பட்டாலும் விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிள்ளைகளும் ஆடுமாடுகளும் உலாவும் வளவில் நஞ்சு தெளிக்க மனமில்லாத தாய்மாரும் பலர். ஆகவே வெட்டுவது ஒன்றே வழி என்று ஆகியிருக்கிறது.

இயந்திரத்துக்கு முன்: காணி பாதுகாப்பானதா?

யுத்தம் நடந்த பகுதிகளில் காணி வைத்திருப்போர் இந்தப் பகுதியைத் தவறாமல் வாசிக்க வேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டு முறையாக ஒப்படைக்கப்படாத நிலத்தில் எந்த இயந்திரமும் இறங்கக் கூடாது. இலங்கை 2017ஆம் ஆண்டு டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. பெரும்பகுதி நிலம் துப்புரவு செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் முகமாலை போன்ற பழைய முன்னரங்கப் பகுதிகளில் அந்த வேலை மிக நீண்ட காலம் எடுத்தது. அந்த வேலையில் எமது பெண்கள் பலர் ஈடுபட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் கருவியால் நிலத்தைச் சோதிக்கும் முன், முழங்காலில் இருந்து புல்லைக் கையால் சிறிது சிறிதாக வெட்டி அகற்றுவார்கள். அத்தனை கவனம் தேவைப்பட்ட மண் அது.

உங்கள் காணி விடுவிக்கப்பட்டதா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு உறுதி செய்யுங்கள். விடுவிக்கப்பட்ட காணியிலும் பழைய மண் அணைகள், பதுங்கு குழிகள், பாழடைந்த கிணறுகளின் அருகில் வெடிபொருள் கிடக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொட வேண்டாம். வந்த தடத்திலேயே திரும்பி நடந்து, அருகில் யாரும் போகாதபடி தூரத்தில் அடையாளம் வைத்து, பொலிசுக்கு அறிவியுங்கள். வெட்டிய பற்றையைக் குவித்து எரிப்பதும் ஆபத்து. நெருப்பின் சூட்டில் மண்ணுக்குள் கிடப்பது வெடிக்கலாம்.

அடுத்தது காணியின் உரிமை. நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்து மரம் வளர்ந்த காணிகள் சிலவற்றை வனப்பகுதி என்று அடையாளமிட்டதால் வந்த பிணக்குகளை வன்னிப் பகுதி மக்கள் அறிவார்கள். எல்லைக் கல் போடப்பட்ட இடமானால், அனுமதிப்பத்திரம் அல்லது உறுதியின் பிரதியோடு பிரதேச செயலகத்துக்குப் போய் எழுத்தில் ஒரு பதில் வாங்கிய பின்னரே வெட்டுங்கள். பலா, ஈரப்பலா, பனை போன்ற மரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு.

இவையெல்லாம் முடிந்த பின், காணியை ஒரு தடவை நடந்து பாருங்கள். பற்றைக்குள் மறைந்திருக்கும் கட்டில்லாத கிணறு, பங்கர்க் குழி, முட்கம்பி, கொங்கிறீற் துண்டு, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஆகியவற்றின் பக்கத்தில் நீண்ட தடி நட்டு நிறத்துணி கட்டுங்கள். வடலிக்கும் தென்னங்கன்றுக்கும் வேறு நிறத்துணி கட்டுங்கள். முட்கம்பி சுற்றினால் நல்ல இயந்திரமும் நின்றுவிடும். மூடாத கிணறோ ஆளையே விழுங்கும்.

உங்கள் காணியில் நிற்பது என்ன?

விரலால் தடிப்பைப் பாருங்கள். அதுவே நல்ல அளவுகோல்.

புல்லும் பெருவிரல் தடிப்புக்கு உட்பட்ட செடிகளும் மட்டும் நின்றால் சாதாரண வெட்டி போதும். இரண்டு அங்குலம் வரை தடித்த தண்டுகள் நின்றால் கனமான வெட்டி வேண்டும். மணிக்கட்டைவிடத் தடித்த மரங்கள் நின்றால் அது பெக்கோ இயந்திரத்தின் வேலை. எந்த வெட்டியையும் அங்கே விடக் கூடாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பத்து, பதினைந்து வருடக் காட்டைப் பார்த்து, அதற்கு ஏற்ற பெரிய இயந்திரத்தைத் தேடுகிறார்கள். அந்தக் காட்டை வெட்டப்போவது ஒரே ஒரு தடவைதான். அதை வாடகைக்குப் பிடித்த பெக்கோவால் முடித்துவிடலாம். அடுத்த வருடம் முதல் நீங்கள் வெட்டப்போவது முழங்கால் உயரப் புல்லையும் இளஞ்செடியையும். ஆகவே இரண்டாம் வருடக் காணியை மனதில் வைத்து வெட்டியைத் தெரிவு செய்யுங்கள்.

களையின் குணமும் முக்கியம். இலுக்குப் புல் நிலத்தடித் தண்டால் பரவும். மேலே வெட்டினால் மட்டும் சாகாது. வெட்டிய பின் ஆழ உழுது அல்லது நிழல் தரும் பயிர் போட்டுத்தான் அடக்க வேண்டும். கினிப் புல் வெட்ட வெட்டத் தளிர்க்கும், ஆனால் மாட்டுக்கு நல்ல தீன். பாத்தீனியத்தைப் பூக்க முன் வெட்ட வேண்டும். பூத்த பின் வெட்டினால் ஒரு செடியிலிருந்தே ஆயிரக்கணக்கான விதைகள் சிதறும். தோலில் பட்டால் அரிப்பும் வரும். அதை வெட்டிய இயந்திரத்தைத் துப்புரவாக்காமல் அடுத்த காணிக்குக் கொண்டு போனால் களையையும் சேர்த்தே கொண்டு போகிறீர்கள்.

உழவு இயந்திரத்தில் பூட்டும் வெட்டிகள்

சுழல் பற்றைவெட்டி: கடைக்காரர்கள் ஸ்லாஷர் என்பார்கள். இரும்பு மூடியின் கீழே இரண்டு அல்லது மூன்று கனமான அலகுகள் படுக்கையாகச் சுழலும். அலகுகள் மூட்டில் தொங்குவதால் கல்லில் பட்டால் மடங்கிப் பின்வாங்கும். வெட்டு சீராக இராது. ஆனால் புல், செடி, பற்றை எல்லாவற்றையும் சமாளிக்கும், பராமரிப்பும் இலகு. எமது காணிகள் பெரும்பாலானவற்றுக்குப் பொருத்தமானது இதுதான். தென்னந்தோட்டங்களில் ஓடுவதும் இதுவே.

உருளை வெட்டி: ஃபிளெயில் என்பார்கள். ஒரு உருளையில் பல சிறு அலகுகள் தொங்கும். பற்றையைத் தூளாக்கி மூடாக்காகப் பரப்பும். கல் எறிவது குறைவு. ஆனால் விலையும் எடையும் கூட, இயந்திர வலுவும் கூடுதலாக வேண்டும். தேய்ந்த அலகுகளை மாற்றவும் செலவு.

கத்தரி வெட்டி: நீண்ட சட்டத்தில் பற்கள் கத்தரிக்கோல் போல ஓடும். குறைந்த வலு போதும். புல்லை நொறுக்காமல் முழுத்தண்டாக வெட்டிப் படுக்க வைக்கும். பால் மாடு வளர்ப்பவர்களுக்கு உதவும். கல்லும் அடிக்கட்டையும் உள்ள காணியில் பற்கள் உடைந்துவிடும். கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ-3 தீவனப் புல்லைக் கால் ஏக்கரில் வளர்ப்பவருக்கு இயந்திரமே வேண்டாம், கூரான கத்தி போதும்.

புல்தரை வெட்டி: பேராதனைப் பூங்காவில் பாய் விரித்தது போலப் புல்லைக் கண்டிருப்பீர்கள். அந்த மாதிரிச் சீரான தரைக்கு ஏற்ற வெட்டி இது. மைதானத்துக்கு நல்லது, பற்றைக்கு உதவாது. பார்க்க அழகாகவும் விலை மலிவாகவும் இருந்தால்கூட வாங்கிவிடாதீர்கள்.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போல உழவு இயந்திரத்துக்கும் வெட்டிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். நான்கு பொருத்தங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது வலு. சுழல் பற்றைவெட்டியின் அகலத்தில் ஒரு அடிக்கு ஏறத்தாழ 5 குதிரைவலு வேண்டும். அந்த வலு பின்தண்டில் கிடைக்க வேண்டும். உழவு இயந்திரத்தின் பின்புறம் சுழலும் அந்தத் தண்டைத்தான் பி.ரி.ஓ. என்கிறார்கள். எஞ்சின் வலுவில் நூற்றுக்கு 85 அளவே அங்கே வந்து சேரும். 35 குதிரைவலு இயந்திரத்தில் கிடைப்பது 30. ஐந்தடி வெட்டிக்கு 25 வேண்டும், தாராளமாக இழுக்கும். ஆறடி வெட்டிக்கு 30 வேண்டும், மிச்சம் ஒன்றும் இல்லை. தடித்த பற்றையில் மூச்சு முட்டும், டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

இரண்டாவது அகலம். பின் சக்கரங்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளந்து பாருங்கள். வெட்டி அதைவிட ஒடுக்கமாக இருந்தால் சக்கரம் மிதித்த புல் வெட்டுப்படாமல் நிமிர்ந்து நிற்கும். வெட்டியை ஒரு பக்கம் தள்ளிப் பூட்ட வசதி இருந்தால் இதைச் சமாளிக்கலாம்.

மூன்றாவது பூட்டு. வெட்டி மூன்று புள்ளிகளில் பூட்டப்படும். சிறிய, நடுத்தர உழவு இயந்திரங்களில் கீழ்ப் பூட்டு ஆணி 22 மில்லிமீற்றர் தடிப்பு. பெரியவற்றில் 28. பின்தண்டு ஒரு நிமிடத்துக்கு 540 தடவை சுழல்வதே வழமை. வெட்டியிலும் அதே எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். இணைப்புத் தண்டு வெட்டியைத் தூக்கும்போது முட்டவும் கூடாது, இறக்கும்போது கழரவும் கூடாது. இதைக் கடையில் கேட்டால் போதாது, உங்கள் ஊர் உழவு இயந்திரத்தில் பூட்டித் தூக்கி இறக்கிப் பார்க்க வேண்டும்.

நான்காவது கிளச். எமது ஊர்களில் ஓடும் மிகப் பழைய உழவு இயந்திரங்கள் சிலவற்றில் சக்கரத்துக்கும் பின்தண்டுக்கும் ஒரே கிளச். அதில் கனமான சுழல்வெட்டியைப் பூட்டினால், கிளச்சை அமத்திய பின்னும் சுழலும் அலகின் வேகம் இயந்திரத்தை முன்னே தள்ளும். நிறுத்த நினைத்த இடத்தில் நிற்காது. இதைத் தடுக்கத் தண்டில் பூட்டும் சிறு இணைப்பு ஒன்று உண்டு. ஒரு பக்கம் மட்டும் வலுவைக் கடத்தும் கிளச் என்று கேளுங்கள்.

இந்தக் கணக்கு பணத்தை எப்படி மிச்சப்படுத்தும் என்பதற்கு ஒரு உதாரணம். பளைப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் தென்னங்காணி வைத்திருக்கும் ஒரு சகோதரியிடம், ஆறடி வெட்டி வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஒரு விற்பனையாளர் சொல்லியிருந்தார். நாங்கள் இருவரும் ஒரு கடதாசியில் வரைந்து பார்த்தோம். தென்னைக்கு இடைவெளி 26 அடி. மரத்தைச் சுற்றி ஆறடிக்கு வேரும் பசளையும் இருப்பதால் அங்கே கையால்தான் வெட்ட வேண்டும். இரண்டு மரங்களுக்கும் ஆறாறு அடி விட்டால் நடுவில் மிஞ்சுவது 14 அடி. ஐந்தடி வெட்டி மூன்று தடவை ஓடினால் 14 அடியும் முடியும். ஆறடி வெட்டி இரண்டு தடவை ஓடினால் 12 அடிதான் வெட்டும், அதுவும் மூன்றாம் தடவை ஓட வேண்டும். ஓட்டம் சமம், விலை மட்டும் கூட. அவருடைய ஊரில் இருந்ததும் 35 குதிரைவலு இயந்திரம்தான். வெட்டிய புல்லை அள்ளி எறியாமல் தென்னையடியில் மூடாக்காகப் போட்டால் வறட்சியில் ஈரம் நிற்கும்.

சிறிய காணிக்கும் சரிவான காணிக்கும்

மஹய்யாவயைச் சுற்றிலும் மலைச்சரிவு. வீதியோரத்தில் புல் வெட்டுகிறவர்கள் தோளில் மாட்டும் இயந்திரத்தோடு வேலை செய்வதை நாம் தினமும் காண்கிறோம். சரிவு கூடிய இடத்தில் நான்கு சக்கர உழவு இயந்திரம் கவிழ்ந்துவிடும். சரிவை அளக்க எளிய வழி உண்டு. பத்தடிக் கம்பு ஒன்றின் ஒரு நுனியை மேட்டில் வைத்து, கம்பை மட்டமாகப் பிடியுங்கள். மறு நுனியிலிருந்து நிலம் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளவுங்கள். இரண்டரை அடிக்கு மேல் போனால் உழவு இயந்திரம் வேண்டாம். அதற்குக் குறைந்த சரிவிலும் குறுக்கே ஓடாமல் மேலும் கீழுமாக ஓட வேண்டும்.

அரை ஏக்கருக்கு, அதாவது எட்டுப் பரப்புக்கு உட்பட்ட காணிக்குத் தோளில் மாட்டும் இயந்திரமே போதும். மெல்லிய புல்லுக்கு நைலோன் நூல், செடிக்கு இரும்பு அலகு. வாங்குமுன் பெற்றோல் நிரப்பி, தோளில் மாட்டிக் கால் மணித்தியாலம் நடந்து பாருங்கள். எடை உங்கள் முதுகுக்குச் சரியா என்பது விலையைவிட முக்கியம். காயப்பட்ட உடம்போடும் உடம்பில் சன்னத்தோடும் வாழும் சகோதரிகள் இதை விசேடமாகக் கவனிக்க வேண்டும். பெற்றோலுடன் எண்ணெய் கலக்கும் வகையானால் கைநூலில் சொன்ன அளவிலேயே கலக்க வேண்டும்.

லாண்ட்மாஸ்டரில் பூட்டலாமா என்றும் கேட்கிறார்கள். இத்தாலி, சுவிற்சர்லாந்து மலைப்பகுதிகளில் இரு சக்கர இயந்திரத்தின் முன்னால் கத்தரி வெட்டி பூட்டிப் புல் வெட்டுகிறார்கள். எமது ஊர் லாண்ட்மாஸ்டர்கள் உழவுக்கும் பெட்டி இழுக்கவுமே பெரும்பாலும் பயன்படுகின்றன. அவற்றுக்கென்று செய்த வெட்டி கிடைத்தால் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

வாங்குவதா, வாடகைக்குப் பிடிப்பதா?

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கணக்குக்கு வருவோம். ஐந்தடி வெட்டி, மணிக்கு மூன்று கிலோமீற்றர் வேகம். திரும்பும் நேரத்தையும் ஒன்றின்மேல் ஒன்று ஓடும் இடத்தையும் கழித்தால் ஒரு மணித்தியாலத்தில் சுமார் முக்கால் ஏக்கர் வெட்டும். இரண்டு ஏக்கருக்கு இரண்டே முக்கால் மணித்தியாலத்துக்குள் முடியும். வருடத்தில் மூன்று தடவை வெட்டினால் மொத்தம் எட்டு மணித்தியாலம்.

எட்டே எட்டு மணித்தியால வேலைக்காகச் சில இலட்சம் ரூபா கடனா? உங்கள் ஊரில் ஒரு மணித்தியால வாடகை எவ்வளவு என்று விசாரியுங்கள். அதை எட்டால் பெருக்குங்கள். அந்தத் தொகையையும் கடனின் ஒரு வருடத் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான சகோதரிகளுக்கு வாடகையே இலாபம் என்பது அந்தக் கடதாசியிலேயே தெரிந்துவிடும்.

கடனைப் பற்றி நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யுத்தத்துக்குப் பின் பெண் தலைமை தாங்கும் குடும்பங்களைத் தேடி வந்த நுண்கடன்கள் எத்தனை வீடுகளின் நிம்மதியைக் குலைத்தன என்பதைக் கண்டோம். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. இயந்திரம் உழைத்துத் தவணை கட்டும் என்று சொல்வார்கள். 2022இல் டீசல் இல்லாமல் இயந்திரங்கள் முற்றத்தில் நின்றன. தவணை நாள் மட்டும் நிற்காமல் வந்தது.

தனியே வாங்க முடியாததைச் சேர்ந்து வாங்கலாம். இரண்டு ஏக்கர் வீதம் வைத்திருக்கும் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தால் வருடத்துக்கு 96 மணித்தியால வேலை இருக்கிறது. அயல் காணிகளுக்கும் கூலிக்கு ஓடினால் இன்னும் கூடும். உழவு இயந்திரத்தை வாடகைக்குப் பிடித்து, வெட்டியை மட்டும் சங்கம் வாங்கி வைத்திருக்கலாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு ஏற்ற முயற்சி இது. ஆனால் சில ஒழுங்குகள் எழுத்தில் இருக்க வேண்டும். வெட்டி யார் பெயரில் இருக்கிறது, எங்கே வைக்கப்படுகிறது, மணித்தியாலத்துக்கு எவ்வளவு, அதில் திருத்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்குவது, உடைத்தவர் என்ன செய்வது என்பவை அவை. ஓடிய நேரத்தை ஒரு கொப்பியில் எழுதி இரண்டு பேர் கையொப்பம் வையுங்கள்.

சமூகவியல் படித்த கண்ணுக்குப் படும் இன்னொரு விடயம். பெண்களின் பெயரில் வந்த இயந்திரம், ஓட்டத் தெரிந்த ஆணின் வீட்டு முற்றத்தில் போய் நிற்கும். சில மாதங்களில் அது அவருடைய இயந்திரம் என்றே ஊர் சொல்லும். சங்கப் பெண்கள் காத்திருந்து கேட்டு வாங்க வேண்டி வரும். இதைத் தவிர்க்க ஒரே வழி, குறைந்தது இரண்டு பெண்களாவது பூட்டவும் கழற்றவும் ஓட்டவும் பழகுவதுதான். வீதியில் ஓட்ட அதற்குரிய சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். "பொம்பிளையால் முடியுமா?" என்று கேட்பார்கள். கண்ணிவெடி அகற்றிய கைகளுக்கு ஒரு ஆணி பூட்டுவது பெரிய காரியமா?

உடம்பு பத்திரம்

பின்தண்டு நிமிடத்துக்கு 540 தடவை, அதாவது ஒரு செக்கனுக்கு ஒன்பது தடவை சுழல்கிறது. அந்த ஒரு செக்கனில் இரண்டு மீற்றர் துணியைச் சுற்றிவிடும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, அவிழ்ந்த பின்னல், தாவணி எதுவும் அதன் கிட்டப் போகக் கூடாது. நீள் காற்சட்டை, உடம்போடு ஒட்டிய சட்டை, மூடிய சப்பாத்து, இறுக்கிக் கட்டிய கூந்தல் இவைதான் உடை. தண்டின் மேலுள்ள பிளாஸ்ரிக் உறையை யாராவது கழற்றி எறிந்திருந்தால் அந்த இயந்திரத்தை வாடகைக்குப் பிடிக்காதீர்கள்.

சுழல்வெட்டி கல்லையும் இரும்புத் துண்டையும் நூறு மீற்றர் வரை எறியக் கூடும். முன்னும் பின்னும் சங்கிலித் திரை தொங்குகிறதா என்று பாருங்கள். வெட்டும் நேரத்தில் பிள்ளைகள் வீட்டுக்குள், ஆடுமாடுகள் தூரத்தில். சாரதியைத் தவிர யாரும் மட்காட்டில் ஏறி இருக்க வேண்டாம். எதையாவது எடுக்க வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்தி, அலகு முழுதாக நிற்கும் வரை பொறுத்திருங்கள். தூக்கிய வெட்டியின் கீழே முட்டுக் கொடுக்காமல் கை நுழைக்கக் கூடாது. தோளில் மாட்டும் இயந்திரத்தானாலும் கண்ணாடி அணியுங்கள், ஐம்பது அடிக்குள் யாரையும் விடாதீர்கள்.

கடைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை

- எத்தனை அங்குலத் தண்டு வரை வெட்டும்? எழுத்தில் தருவீர்களா?
- எத்தனை குதிரைவலு வேண்டும்? எடை எவ்வளவு?
- அலகு, கியர் பெட்டி, இணைப்புத் தண்டு ஆகியவற்றின் உதிரிப்பாகங்கள் எமது மாவட்டத்தில் கிடைக்குமா?
- அடிக்கட்டையில் மோதும்போது கியர் பெட்டியைக் காப்பாற்றத் தானே உடையும் போல்ட் இருக்கிறதா? அதே வகைப் போல்ட் மேலதிகமாகத் தருவீர்களா? (கடினமான வேறு போல்ட் போட்டால் போல்ட் தப்பும், கியர் பெட்டி உடையும்.)
- எங்கள் காணியில் அரை மணித்தியாலம் ஓட்டிக் காட்டுவீர்களா?
- உத்தரவாதம் எத்தனை மாதம்? யார் வந்து திருத்துவார்?
- கடனானால் கடைசித் தவணை வரை மொத்தமாகக் கட்டும் தொகை எவ்வளவு?

பழையது வாங்குவதானால் அலகைக் கையால் ஆட்டிப் பாருங்கள், கியர் பெட்டியின் கீழே எண்ணெய் ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள், மூடியில் ஒட்டுப் போட்ட இடங்களைத் தடவிப் பாருங்கள்.

ஆலோசனைக்குப் பணம் தேவையில்லை. விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். உங்கள் கமநல சேவை நிலையத்திலும் கேட்கலாம். கண்டிப் பக்கம் வருகிறவர்களுக்குப் பேராதனையும் கன்னொறுவையும் கிட்டடியில் இருக்கின்றன. பண்ணை இயந்திரங்களைப் பரீட்சிக்கும் ஆராய்ச்சி நிலையம் மகா இலுப்பள்ளமவில் உள்ளது.

இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து, அளவு நாடாவோடு உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் யாருக்கு எத்தனை ஏக்கர், என்ன நிற்கிறது, வருடத்தில் எத்தனை மணித்தியாலம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியல் தயாரான பின் கடைக்குப் போங்கள். தனியே போகாமல் இருவராகப் போங்கள்.